“அதெல்லாம் பொறப்புலயே வரோணும்” என்கிறார் கணவர். எனக்கு வருமா?

திருப்பூரை ஒட்டிய ஊரிலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாததால் படிப்பு நின்றுவிட்டது. பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவி ஆளாகச் சேர்ந்தவர் இப்போது துணி ஓரத்தைப் பிரியாமல் இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் டெய்லர். 11 வருடமாக ஒரே கம்பெனி, பெரும்பாலும் ஸ்லீவ் வைக்கிற வேலை. தைக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ற பீஸ் ரேட் கூலியில் மாதம் சராசரியாக 18,000 ரூபாய் வருகிறது. அங்கே, துணி வெட்டுவதற்கான அளவு வரைபடத்தை (பேட்டர்ன்) போடும் மாஸ்டருக்கு உதவி ஆள் தேவைப்பட, மாஸ்டரே இவரைக் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் ஆரம்பச் சம்பளம் 13,000-தான். விசைத்தறி ஓட்டும் கணவர், “உழைக்கச் சொன்னா நீ மாடாட்ட உழைப்பே. அதுக்கு மண்டை வேணும். அதெல்லாம் பொறப்புலயே வரோணும்” என்கிறார். அதே பேட்டர்ன் செக்‌ஷனில் டிப்ளமோ முடித்து வந்த 22 வயதுப் பையன் மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டானாம். “அவனாட்ட எனக்கு வருமாங்க? ஸ்லீவ் ஏன் இழுக்குதுன்னு மட்டும் அவன் என்னத்தான் வந்து கேப்பான்” என்று ஒரு வரி. எதிலும் தேர்ச்சி பெற 10,000 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று போனில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்: தினம் இரண்டு மணி நேரம் என்றால் ஐம்பது வயதாகிவிடும். எட்டாவது படிக்கும் மகளும் இப்போதெல்லாம் “அம்மாவுக்கே கணக்கு வராது, எனக்கு எங்கிருந்து வரும்” என்கிறாளாம்.

அவர் கேட்பது ஒரே கேள்வி. “எனக்கு அந்தத் திறமை இருக்கா, இல்லையான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்குங்களா?”

அன்புச் சகோதரி,

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இல்லை. உங்களைப் போல என்னிடம் வருகிறவர்கள் பலரும் ரத்தப் பரிசோதனை மாதிரி ஒன்று இருக்கும் என்றுதான் நினைக்கிறார்கள். ஒரு வேலைக்கான திறமை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பது, அதைச் சரியாகச் சொல்லித் தருகிற ஒருவரிடம் கொஞ்ச காலம் கற்ற பிறகே தெரியும். அதற்கு முன் யார் என்ன சொன்னாலும், நான் சொன்னாலும் உங்கள் கணவர் சொன்னாலும், அது ஊகம்தான்.

இருந்தாலும் உங்கள் கடிதத்திலேயே சில தடயங்கள் கிடக்கின்றன. நீங்கள் அவற்றைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

கைமடியாக இருந்தபோது ஓவர்லாக் எப்படிக் கற்றீர்கள் என்று நாலாவது பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் காலியாக இருக்கும்போது கட்டிங் வேஸ்ட்டை எடுத்து ஓட்டிப் பார்த்ததாகவும், பக்கத்து டெய்லர் அக்கா தையலைப் பார்த்துவிட்டு “வளைவுல துணியை இழுக்காத, விட்டுப் புடி” என்று தினமும் திட்டியதாகவும். யாரும் ஓவர்லாக்கோடு பிறப்பதில்லை. ஆனால் அந்த வேலையை நீங்கள் திறமைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வந்துவிட்ட வேலையெல்லாம் சாதாரணம், வராத வேலைதான் திறமை என்று நாமே ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறோம். பனியன் கம்பெனிப் பெண்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்து அந்தப் பையன். “டிப்ளமோ முடித்து வந்தவன்” என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே “மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டான்” என்கிறீர்கள். வரைபடமும் அளவும் கம்ப்யூட்டரும் பழகிவிட்டு வந்தவருக்கு மூன்று மாதம் ஆனது. டிப்ளமோ வருடங்களையும் அந்த மூன்று மாதத்தோடு கூட்டிப் பாருங்கள். அப்படியும் ஸ்லீவ் ஏன் இழுக்கிறது என்பதற்கு அவர் உங்களிடம்தான் வருகிறார். அது சின்ன விஷயமில்லை. ஸ்லீவின் மேல் வளைவும், அதை வைத்துத் தைக்கும் ஆம்ஹோல் வளைவும் நீளத்தில் பொருந்தவில்லை என்றால், ஸ்லீவ் வளைவு கூடினால் சுருக்கம் விழும், குறைந்தால் இழுக்கும். 11 வருடமாக அந்தத் தப்பை மிஷினில் விரலால் சரிக்கட்டிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். அந்தத் தப்பு பிறக்கும் இடம் பேட்டர்ன் டேபிள். விளைவு உங்கள் கைக்குத் தெரியும், காரணத்தை வரைந்து பார்க்க இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

பிறவித் திறமை என்று ஒன்று இல்லவே இல்லையா?

இருக்கிறது. ‘எல்லாம் உழைப்புத்தான்’ என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தட்டையான தாளைப் பார்த்து, அது மடங்கித் தைத்து உடம்பில் ஏறினால் எப்படி நிற்கும் என்று மனதில் திருப்பிப் பார்க்கும் திறன் ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கிறது. அதில் பிறப்புக்கும் பங்கு உண்டு. பேட்டர்ன் வேலைக்கு அது தேவை. ஆனால் அது பயிற்சியால் வளரும். டேவிட் உட்டால் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும் இந்தத் திறனைப் பயிற்சியால் கூட்ட முடியுமா என்று பார்த்த 217 ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வெளியிட்டார்கள். குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது, பயிற்சி முடிந்த பிறகும் நிற்கிறது என்பது முடிவு.

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் சொல்லலாம். ஸ்வீடனில் 10,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து இசைப் பயிற்சி பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள், 2014-இல் வெளிவந்தது. ஒருவர் எவ்வளவு நேரம் பயிற்சி செய்கிறார் என்பதிலேயே பரம்பரைக்குக் கணிசமான பங்கு இருந்தது. அதாவது, விடாமல் உட்கார்ந்து செய்கிற குணமும் ஓரளவு பிறப்பில் வருவதுதான். “உழைப்பாளி, ஆனா மண்டை இல்லை” என்று அவர் இரண்டாகப் பிரிக்கிறாரே, அப்படிப் பிரிக்க முடியாது. அவர் குறையாகச் சொன்னதில் பாதி உங்கள் பிறவிச் சொத்து.

அதே வருடம் வந்த இன்னொரு பெரிய தொகுப்பாய்வு 88 ஆய்வுகளை அலசியது. இசையில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் சுமார் 21 சதவீதத்தையும், உடல் விளையாட்டுகளில் 18 சதவீதத்தையும் பயிற்சி விளக்குகிறது என்றது. இதைப் பார்த்துவிட்டு ‘அப்போ மிச்சம் 80 சதவீதம் பிறவி’ என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. அந்த மிச்சத்தில் எந்த வயதில் தொடங்கினார், யார் சொல்லிக் கொடுத்தார், வீட்டில் காசு இருந்ததா, உடம்பு ஒத்துழைத்ததா எல்லாமே அடக்கம். தவிர, அந்தச் சதவீதம் ஒரு கூட்டத்தில் உள்ளவர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பற்றியது. உங்கள் ஒருவரின் கையில் எத்தனை சதவீதம் பிறப்பு, எத்தனை சதவீதம் பழக்கம் என்று அதிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த 10,000 மணி நேரம்

இந்த எண் ஜெர்மனியில் பெர்லின் நகரத்து இசை மாணவர்களிடமிருந்து வந்தது. ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் வேறு இருவரும் சேர்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு. மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் 20 வயதுக்குள் செய்திருந்த தனிப் பயிற்சியின் சராசரி சுமார் 10,000 மணி. சராசரி என்றால், அந்தச் சிறந்த மாணவர்களிலேயே பலர் அதைத் தொடவில்லை. உலக மேடைக்குப் போகிற வயலின் கலைஞர்களின் கணக்கு அது. டி-ஷர்ட் பேட்டர்ன் போட அதை எதற்கு எடுக்க வேண்டும்? அர்ஜென்டினாவில் செஸ் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, மாஸ்டர் நிலைக்கு ஒருவர் சுமார் 3,000 மணி நேரத்தில் வந்திருந்தார், இன்னொருவருக்கு 23,000-க்கும் மேல் பிடித்தது. மணிக்கணக்கை வைத்து வயதைக் கணக்குப் போடாதீர்கள்.

அந்தப் பெர்லின் ஆய்வில் வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. சிறந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், மத்தியானமும் கண்ணயர்ந்தார்கள். பயிற்சியையும் ஒன்று, ஒன்றரை மணி நேரத் துண்டுகளாகத்தான் செய்தார்கள். நீங்களோ ஒன்றரை ஷிஃப்ட் முடித்து, சமைத்து, எல்லோரும் படுத்த பிறகு பதினொரு மணிக்கு நோட்டை எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த நேரத்தில் நோட்டில் கோடு விழும், தலையில் ஒன்றும் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் போதும்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

உங்களோடு எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு இருப்பது இங்கேதான். “நான் உழைக்கத் தயார், எத்தனை மணி நேரம்னாலும் செய்வேன்” என்கிறீர்கள். 11 வருடமாக அதைத்தானே செய்தீர்கள்? முதல் இரண்டு வருடத்தில் ஸ்லீவ் வேலையில் எவ்வளவு முன்னேறினீர்கள், கடைசி ஒன்பது வருடத்தில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். புரொடக்‌ஷன் என்பது தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் செய்வது. அது சம்பளம் தரும், புதிய திறமை தராது. தப்பு எங்கே என்று உடனே ஒருவர் காட்டி, அதை மட்டும் மறுபடி செய்து பார்க்கிறபோதுதான் கை மாறும். உங்களுக்குத் திறமையும் குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. குறைந்தது, தப்பைக் காட்ட ஓர் ஆளும் அதைத் திருத்திப் பார்க்கக் கொஞ்சம் நேரமும். இப்போது அந்த ஆள் தாமாகவே கூப்பிடுகிறார்.

செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் கிடக்கும் பழைய டி-ஷர்ட் ஒன்றைத் தையல் தையலாகப் பிரியுங்கள். முன்பக்கம், பின்பக்கம், ஸ்லீவ், கழுத்துப் பட்டி (நெக் ரிப்) எல்லாவற்றையும் பிரவுன் பேப்பரில் வைத்துக் கோடு போடுங்கள். பிறகு அதைப் பார்க்காமல் அளவை மட்டும் வைத்து நீங்களாக வரைந்து, முதல் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். எங்கே எத்தனை மில்லி விலகுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். கோவை ஜி.டி. நாயுடு, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டித்தான் இயந்திரத்தைக் கற்றார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. அவரைப் பிறவி மேதை என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அவர் உட்கார்ந்து பிரித்ததை யாரும் பேசுவதில்லை. தப்பாகப் பூட்டினால் வண்டி ஓடாது. அதைவிடக் கறாரான வாத்தியார் ஏது?

கணக்கு வராது என்கிறீர்கள். பேட்டர்னுக்கு எந்தக் கணக்கு வேண்டும் என்று பார்ப்போம். சில துணி துவைத்தால் நீளத்தில் 10 சதவீதம் சுருங்கும். துவைத்த பிறகு 70 சென்டிமீட்டர் வேண்டும். பத்து சதவீதம்தானே என்று 7 கூட்டி 77-க்கு வெட்டினால், துவைத்து வரும்போது 69.3-தான் இருக்கும். 70-ஐ 0.9-ஆல் வகுத்து, 77.8-க்கு வெட்ட வேண்டும். இந்தத் துறையில் தினமும் வருகிற கணக்கு பெரும்பாலும் இந்த ரகம்தான்: சதவீதம், வகுத்தல், சைஸுக்குச் சைஸ் இவ்வளவு என்று கூட்டிக்கொண்டு போவது. கால்குலேட்டரும் கையில் இருக்கும். பத்தாம் வகுப்பில் உங்களைத் தோற்கடித்த அல்ஜீப்ராவும் தேற்றங்களும் இங்கே கிட்டத்தட்ட வருவதே இல்லை.

மகளைப் பற்றி

கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி அவளுடையது. 2015-இல் அமெரிக்காவில் சிறு வகுப்புக் குழந்தைகளையும் பெற்றோரையும் வைத்து ஓர் ஆய்வு வந்தது. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோரின் பிள்ளைகள் அந்த வருடம் கணக்கில் குறைவாகக் கற்றார்கள். அதுவும் அந்தப் பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவியபோதுதான். உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்புத் தெரியவில்லை. பயம் ரத்தத்தில் போவதற்கு முன்பே பேச்சில் போய்விடுகிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். அவள் எதிரில் “எனக்குக் கணக்கு வராது” என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். துணி சுருங்குகிற அந்தக் கணக்கை அவளிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்குச் சதவீதம் தெரியும். தப்பாகப் போட்டால் இருவரும் சேர்ந்து டி-ஷர்ட்டை அளந்து பாருங்கள்.

பணமும் உரிமையும்

பேட்டர்ன் பக்கம் போனால் மாதம் 5,000 குறையும். ஆறு மாதத்துக்கு 30,000. குழுக் கடன் தவணை வேறு ஓடுகிறது என்கிறீர்கள். கணவர் வாயால் சொல்வது பிறப்பைப் பற்றி. அவர் உண்மையில் பயப்படுவது சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றி என்றே எனக்குப் படுகிறது. எனவே அவரோடு திறமையைப் பற்றி வாதாடாதீர்கள், இந்த 30,000-ஐப் பற்றிப் பேசுங்கள். எங்கே குறைக்கலாம், எத்தனை மாதம் தாங்கும் என்று இருவரும் தாளில் எழுதுங்கள்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கோர்ஸில் சேருவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் நான் சொல்ல மாட்டேன். சம்பளமும் போய், ஃபீஸும் கட்டி, முடித்த பிறகு வேலை தேடவும் வேண்டும். ஞாயிறு வகுப்பு கிடைத்தால் யோசிக்கலாம். அப்போதும் சேரும் முன், வரைந்த பேட்டர்னை வெட்டித் தைத்துப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். கம்ப்யூட்டரில் பட்டனை மட்டும் காட்டுகிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

எனக்குப் பிடித்தது நடுவில் இருக்கும் வழி. மாதிரி உடுப்பு தைக்கும் சாம்பிள் டெய்லராக மாற்றித் தர முடியுமா, பேட்டர்ன் டேபிளில் தினம் இரண்டு மணி நேரம் நிற்க விடுவார்களா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். சாம்பிள் செக்‌ஷனில் ஒரு ஆளே முழு உடுப்பையும் தைப்பதால், பேட்டர்ன் தப்பு தையலில் எங்கே வெளிப்படுகிறது என்று தினமும் பார்ப்பீர்கள். சம்பளமும் அந்த அளவுக்கு இறங்காமல் இருக்க வாய்ப்பு உண்டு.

எந்த வழியானாலும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேராதீர்கள். பணிக்கொடை எனும் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். செக்‌ஷன் மாற்றம் என்று எழுத்தில் இருந்தால் 11 வருடமும் தொடரும். இன்னொன்று: வருடத்துக்கு 15 நாள் கூலி என்று போடும் அந்தக் கணக்கு, கடைசியாக வாங்கிய கூலியை வைத்துப் போடப்படுவது. குறைந்த சம்பளத்துக்கு மாறிய உடனே வேலையை விட்டால், பழைய வருடங்களுக்கும் சேர்த்துத் தொகை குறையும். மாற்றத்துக்கு முன்பே தொழிற்சங்க அலுவலகத்திலோ லேபர் ஆபீஸிலோ உங்கள் சம்பளச் சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம். அந்தப் பையனும் நீங்களும் ஒரே வேலை செய்யும் நிலை வந்தால், பெண் என்பதற்காகக் குறைத்துத் தரக்கூடாது. 1976-லிருந்தே அது சட்டம். ஆனால் படிப்பையோ அனுபவத்தையோ காரணம் காட்டி வித்தியாசம் வைக்க முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துச் சம்பளம் எவ்வளவு ஆகும் என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள்.

எப்போது நிறுத்தலாம்

ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைப் பார்க்காதீர்கள், அந்தப் பையன் ஒரு வேளையில் போடுவது உங்களுக்கு ஒரு நாள் பிடித்தாலும் பரவாயில்லை. பார்க்க வேண்டியது தப்பின் ரகம். முதல் மாதம் ஆம்ஹோலில் விட்ட அதே தப்பு, ஒவ்வொரு முறையும் காட்டிக் கொடுத்த பிறகும் ஆறாவது மாதமும் வந்தால், இந்த வேலை உங்களுக்கு மெதுவாகத்தான் வரும் என்று அர்த்தம். பழைய தப்பு நின்று, புதுசு புதுசாக வேறு தப்பு வந்தால் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். வராவிட்டாலும் செக்கிங், குவாலிட்டி, லைன் சூப்பர்வைசர் பக்கம், ஸ்லீவை எடுத்துப் பார்த்ததுமே கோளாறு தெரிகிற கண்ணுக்கு வேலை உண்டு. பேட்டர்ன் டேபிளில் நின்ற ஆறு மாதம் அங்கேயும் உதவும்.

மாஸ்டர் பொறுமையில்லாதவர், கேட்டால் எரிந்து விழுவார் என்றும் ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். எரிந்து விழுந்தாலும் எங்கே தப்பு என்று சொல்கிறாரா? சொன்னால் இருங்கள். சொல்லாமல் பேப்பரைப் பிடுங்கித் தானே போட்டுவிடுகிறவர் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு பிரச்சினை. எழுதும்போது அந்த நோட்டின் கடைசி நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.